பொருளுக்குத் தடை, மின்கலத்துக்கு யார் பொறுப்பு?

2019 செப்டம்பர் 18 அன்று மின்னணுச் சிகரெட்டைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் இந்தியாவில் பிறப்பிக்கப்பட்டது. சரியாக மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 9 அன்று, லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் வெளிவந்த செய்திகள். ஆயினும், தடைசெய்யப்பட்ட கருவியின் வயிற்றுக்குள் இருப்பது பரிசு பெற்ற அதே வகை மின்கலம்தான். சட்டம் கருவியைக் கண்டது, கலத்தைக் காணவில்லை. அதனால் விளைந்த இடைவெளியில் யார் அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்பதை, ஆண்டாப் ஹில்லில் வாழும் ஓர் ஆய்வாளன் என்ற நிலையிலிருந்து இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அவசரச் சட்டத்தின் இடத்தில் அதே ஆண்டு டிசம்பரில் மின்னணுச் சிகரெட்டுகள் தடைச் சட்டம், 2019 வந்தது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தையும் அது தடுக்கிறது. முதல் முறை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மீண்டும் மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதற்கு முன்னரே, 2018இல், தமிழ்நாடு மாநில அளவில் தடை கொண்டுவந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2019 மே மாதத்தில் முழுத் தடையையே பரிந்துரைத்தது. நிகோட்டின் வளரும் மூளையைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதில் ஐயமில்லை. தடையின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. வேப் பழக்கத்தைத் தொடங்க எண்ணும் மாணவருக்கு என் விடை ஒன்றுதான்: தொடங்காதீர்கள்.

ஆனால் விடை சொன்னதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? 2023இல் ஒன்றிய நல்வாழ்வு அமைச்சகம் இத்தடையை நினைவூட்டி மீண்டும் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. மீறல்களைத் தெரிவிப்பதற்கென ஓர் இணையத்தளத்தையும் அதே ஆண்டில் தொடங்கியது. பொருள் புழக்கத்தில் இல்லையென்றால் இவற்றுக்குத் தேவையே எழுந்திராது. கல்லூரி வளாகங்களை அறிந்த எவருக்கும் இதற்கு மேல் சான்று வேண்டாம். கையில் பேனாவைப் போன்றோ, யுஎஸ்பி குச்சியைப் போன்றோ, வண்ணத் தீப்பெட்டியைப் போன்றோ தோன்றும் அப்பொருள், புகையின் மணம் இல்லாததால் பெற்றோர் கண்ணுக்கும் ஆசிரியர் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகிறது.

அதன் உள்ளே மூன்று உறுப்புகள் உள்ளன. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், சுவையூட்டி கலந்த திரவம் ஒன்று. அதைச் சூடாக்கி ஆவியாக்கும் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. அச்சுருளுக்கு மின்னோட்டம் தரும் லித்தியம் அயனி மின்கலம் ஒன்று. முதல் இரண்டைப் பற்றி மருத்துவ உலகம் நிறையப் பேசியிருக்கிறது. மூன்றாவதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை.

அக்கலத்தில் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கின்றன. இடையே நிற்பது நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம். அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இவற்றை நனைத்திருப்பது நீரன்று. எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். நசுங்கினாலோ, துளைபட்டாலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ, முனைகள் குறுக்காக இணைந்தாலோ உட்புறம் சூடேறுகிறது. சூடு வேதிவினையைத் தூண்டுகிறது. வினை மேலும் சூட்டை எழுப்புகிறது. ஒரு வரம்பைக் கடந்தபின் வெளியிலிருந்து எதைத் துண்டித்தாலும் அது நிற்பதில்லை. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் இருக்கும்.

அளவைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். 18650 என்று பெயர் பெற்ற உருளைக் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. 2500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு இருந்தால் அதன் ஆற்றல் சுமார் 9 வாட்-மணி. 9 வாட் எல்இடி விளக்கு ஒரு மணி நேரம் எரியத் தேவையான ஆற்றல். அறைக்கு ஒளி தரும் அதே ஆற்றல் சில நொடிகளில் தொடையருகே வெளிப்பட்டால் என்னாகும் என்பதே கேள்வி.

கருவிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் சிறு மின்சுற்று இருக்கும். ‘மெக்கானிக்கல் மாட்’ எனப்படும் உலோகக் குழாயில் அது அறவே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கலமும் சுருளும் நேரடியாக இணையும். பள்ளியில் படித்த ஓம் விதியே இங்கே போதும். முழுச் சார்ஜில் கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 21 ஆம்பியர். கலம் தாங்கக்கூடியது 10 ஆம்பியர் மட்டுமே என்றால், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அதன் எல்லை இருமடங்குக்கு மேல் மீறப்படுகிறது. உறையில் ‘9900’ என்று அச்சிட்ட கலங்களை மலிவு விலையில் காணலாம். இந்த அளவுள்ள தரமான கலத்தின் கொள்ளளவு 4000 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆகவே அந்த எண் பொய். எண்ணில் பொய் சொன்னவர் தாங்குதிறனில் உண்மை சொல்லியிருப்பார் என்று நம்ப ஏதுவில்லை. தனிக் கலங்களை வாங்கிப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் எச்சரித்தது. அவை பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய தொகுப்புகளுக்குள் பொருத்துவதற்காக ஆக்கப்பட்டவை என்பதே அது கூறிய காரணம்.

இது கற்பனை அச்சம் அன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வெளிவந்த மின்னணுச் சிகரெட் தீவிபத்துகளையும் வெடிப்புகளையும் தொகுத்தபோது 195 நிகழ்வுகள் கிடைத்தன. அவற்றுள் 61, கருவியோ மாற்றுக் கலமோ சட்டைப்பையில் இருந்தபோது நேர்ந்தவை, 60 பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, 48 சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது. மிகுதியான நிகழ்வுகள் பையில் சும்மா கிடந்தபோது என்பதைக் கவனிக்க வேண்டும். சாவிக்கொத்தும் சில்லறைக் காசும் கலத்தின் இரு முனைகளையும் இணைத்துவிடப் போதுமானவை. 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை சியாட்டில் நகர மருத்துவமனை ஒன்றுக்கு மட்டும் இவ்வகைக் காயங்களோடு 15 பேர் வந்தனர் என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். தீப்புண்ணோடு காரத்தன்மையுள்ள வேதிப்புண்ணும் அவர்களுள் சிலருக்கு இருந்தது. அமெரிக்காவில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வெடிப்பினால் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. வேப்புக்கு மட்டுமல்ல, பவர் பேங்குக்கும், கையடக்க விசிறிக்கும், மின் ஸ்கூட்டருக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். தனிக் கலத்தைப் பையில் வெறுமனே போடக்கூடாது; பிளாஸ்டிக் உறைப்பெட்டியில் வைக்க வேண்டும். உருளைக் கலத்தின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. மேல்விளிம்பில் நேர்முனையை அதிலிருந்து பிரிப்பது ஒரு சிறு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். அந்த உறை கிழிந்த கலத்தைப் பயன்படுத்தக்கூடாது. கருவிக்கென வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். தலையணைக்கடியிலோ, மெத்தைமீதோ, எல்லோரும் உறங்கும் இரவிலோ, வாயிற்படியை ஒட்டியோ சார்ஜ் போடக்கூடாது. பத்துக்குப் பத்து அறையில் ஐவர் உறங்கும் சால் வீடுகளில் வாயில் ஒன்றே. அதனருகே தீ எழுந்தால் வெளியேற வழியில்லை. வீங்கிய கலத்தைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது. உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியிலோ உலோக டப்பாவிலோ திறந்தவெளியில் தனித்து வைக்க வேண்டும். பற்றிக்கொண்டால் ஆட்களை முதலில் வெளியேற்றிவிட்டு 101க்கு அழைக்க வேண்டும். சிறு கருவியாயின், அது மின்னிணைப்பில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எட்டநின்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான். தீ அணைந்ததுபோல் தோன்றியபின்னும் மீண்டும் பற்றக்கூடும். காயம் பட்டால், தடைசெய்யப்பட்ட பொருளாயிற்றே என்று மறைக்காமல், லித்தியம் மின்கலத்தால் வந்த புண் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேதிப்புண்ணுக்கான சிகிச்சை வேறு. பயன்பாட்டைக் குற்றமென வெளிப்படையாகக் கூறும் பிரிவு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அச்சத்தால் உண்மையை மறைப்பது உடலுக்கே கேடாகும்.

இவை எளிய செய்திகள். ஆயினும் இவற்றைச் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லாததுதான் சிக்கல். சட்டப்படி விற்கப்படும் பவர் பேங்கில் இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கும். அதனுள் இருக்கும் கலம் ஐஎஸ் 16046 என்னும் தரநிலைக்கு உட்பட வேண்டும். குறைபாட்டினால் தீங்கு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையும் விற்பவரையும் பொறுப்பேற்க வைக்கிறது. பயன் முடிந்தபின் கலத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. தரநிலை, இழப்பீடு, திரும்பப் பெறல் ஆகிய மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே: பெயரும் முகவரியும் உடைய ஓர் உற்பத்தியாளர். கடத்தி வரப்பட்ட வேப்புக்கு அப்படி எவரும் இல்லை. அதன் பெட்டியில் எச்சரிக்கை இருந்தாலும் அதற்குப் பொறுப்பேற்பவர் இல்லை. தடை அப்பொருளை ஒழித்த இடங்களில் நன்மை விளைந்தது. ஒழிக்க இயலாத இடங்களில், அதனுள் இருக்கும் கலத்தை அநாதையாக்கிவிட்டது.

அநாதைக் கலம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? நம் கண்முன்னே நிற்கும் சங்கிலியைப் பின்தொடர்ந்தால் போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்பில் கலத்தைக் கழற்ற வழியில்லை; திரவம் தீர்ந்ததும் கருவி முழுவதும் குப்பைக்குப் போகிறது. மறைத்து வாங்கியதை மறைத்துத்தான் எறிவார்கள். காகிதத்தில் சுற்றி, ஈரக்குப்பையின் நடுவே. ஆண்டாப் ஹில்லின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலிருந்து எறியப்பட்டாலும், பக்கத்துக் குடிசைச் சந்திலிருந்து எறியப்பட்டாலும், அதே மாநகராட்சி வண்டிதான். வண்டி குப்பையை அழுத்தி நசுக்குகிறது. அதற்கு முன்பாகப் பிளாஸ்டிக்கைப் பொறுக்கியெடுப்பவர் கையில் அது அகப்பட்டால் பங்கார் கடைக்கும், அங்கிருந்து தாராவியின் 13ஆம் காம்பவுண்டு போன்ற தரம்பிரிக்கும் கூடங்களுக்கும் போகலாம். அங்கே பிளாஸ்டிக் வகைபிரிக்கப்பட்டு, அரவை இயந்திரத்தில் துண்டாக்கப்படுகிறது. வண்ணப் பிளாஸ்டிக் குச்சிக்குள் மின்கலம் இருப்பது, வாழ்நாளில் அதைப் புகைத்தறியாத அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நசுங்கலும் துளைபடலுமே இக்கலம் தீப்பற்றும் வழிகள் என்று மேலே பார்த்தோம். கழிவுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அதையேதான் செய்கிறது.

பொருள் சட்டப்படி விற்கப்பட்ட நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. பிரிட்டனில் 2023இல் வாரந்தோறும் ஏறத்தாழ 50 லட்சம் ஒருமுறை வேப்கள் எறியப்பட்டதாக மெட்டீரியல் ஃபோகஸ் என்னும் அமைப்பு மதிப்பிட்டது. குப்பை லாரிகளிலும் கழிவுக் கூடங்களிலும் எழும் தீ அங்கே பொதுப் பேச்சாயிற்று. 2025 ஜூன் 1 முதல் அந்நாடு ஒருமுறை வேப்களின் விற்பனையைத் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன்னரே, விற்கும் கடையே பழைய கருவியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கடமை அங்கே இருந்தது. நாம் தடையில் முந்திக்கொண்டோம். திரும்பப் பெறும் ஏற்பாட்டை அமைக்கவே இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதை இலேசாக ஒதுக்க முடியாது. மின்கலப் பாதுகாப்பைக் கற்பிப்பது வேப் பழக்கத்துக்கு மறைமுக ஒப்புதல் தருவதாகாதா? பதின்பருவத்தினர் முன் அதைப் பேசுவதே ஆவலைத் தூண்டாதா? இக்கவலை நியாயமானது. அதனால்தான் சுருள், திரவம், சுவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பரப்புவதை நான் ஆதரிக்கவில்லை. கலத்தைப் பற்றிய அறிவு வேறு. அது புகைப்பவருக்கு மட்டும் உரியதன்று. அவரோடு ஒரே அறையில் உறங்கும் தங்கைக்கும், அவர் எறிந்ததைப் பொறுக்குபவருக்கும் உரியது. அவர்கள் எந்தத் தேர்வையும் செய்யவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய அறிவை இன்னொருவரின் பழக்கத்தைத் தண்டிப்பதற்காக நிறுத்திவைப்பது அறமாகாது.

இப்பகுதியின் வரலாறும் ஒரு பாடம் சொல்கிறது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் தாராவியிலும் சயான்-கோலிவாடாவிலும் ஆண்டாப் ஹில்லிலும் கள்ளச்சாராயம் பெருந்தொழிலாக வளர்ந்தது. வரதராஜ முதலியாரின் பெயர் அத்தொழிலோடு இணைந்தே நினைக்கப்படுகிறது. சாராயத்தின் தீமையை எல்லோரும் மேடையில் பேசினார்கள். அதில் கலந்துவிடக்கூடிய மெத்தனாலைப் பற்றியும், பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைப் பற்றியும் குடிசைகளில் யார் பேசினார்கள்? 2015 ஜூனில் மும்பையின் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சாராயமும் மின்கலமும் ஒன்றல்ல. இரண்டின் அளவும் ஒன்றல்ல. ஆனால் தடைசெய்யப்பட்ட பொருளின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதைத் தடையின் ஒரு பகுதியாகவே கருதிவிடும் மனப்போக்கு ஒன்றுதான்.

என்ன செய்யலாம்? மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

முதலாவது, கேள்வி கேட்காத சேகரிப்புப் பெட்டி. கல்லூரி வாயிலிலும், எஃப்-வடக்கு வார்டு அலுவலகத்திலும், வீட்டுவசதிச் சங்கங்களிலும், மணல் இட்ட உலோகப் பெட்டியில் எவ்வகை லித்தியம் கலத்தையும் போடலாம் என்ற ஏற்பாடு வேண்டும். முனைகளில் டேப் ஒட்டிப் போடுமாறு படத்தோடு விளக்கலாம். போட்டவரின் பெயரைக் கேட்டால் பெட்டி காலியாகவே இருக்கும். அதில் சேரும் வேப் கருவிகள் இருப்பு வைத்தலாகக் கருதப்படா என்ற தெளிவை அரசு ஒரு சுற்றறிக்கையால் அளிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே பழைய மின்கலங்களை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. வகைப்பாடு உண்டு, வாசலில் பெட்டி இல்லை.

இரண்டாவது, கழிவுத் தொழிலாளருக்கான பயிற்சி. எந்தெந்த வடிவங்களில் கலம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பக்கப் படத்தாள், தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் வேண்டும். அரவைக்கு முன் பிரித்தெடுத்த கலத்துக்குச் சிறு விலையும் கிடைக்க வேண்டும். விலை இல்லாத எதையும் பங்கார் கடை தனியே எடுத்து வைக்காது. உற்பத்தியாளர் அற்ற கலங்களுக்கான அந்த விலையை, பறிமுதல் வழக்குகளில் வசூலாகும் அபராதத் தொகையிலிருந்து ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது நம்முடையது. மாட்டுங்காவில் விஜேடிஐயும் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே மின்வேதியியல் படிப்போர் உண்டு. அவர்களுள் தமிழ் பேசுவோரும் உண்டு. வெப்பப் பெருக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தெரிந்த நாம், அதையே ஆண்டாப் ஹில்லின் ஒரு மன்றக் கூட்டத்தில் அரைமணி நேரம் தமிழில் விளக்க முடியாதென்றால், குறை மொழியிடம் இல்லை. சயான் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வருவோரிடம் ‘எந்த மின்கலம்?’ என்று கேட்டுப் பதிவுசெய்யும் எளிய ஆய்வை மருத்துவ மாணவர்கள் தொடங்கலாம். எண்ணிக்கை இல்லாத தீங்கைக் கொள்கை வகுப்போர் தீங்காகவே கருதுவதில்லை.

வேப்பைத் தடைசெய்தது சரி. அந்தத் தடையைச் செயல்படுத்துவதும் அரசின் கடமை. அதுவரையில், ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட கலம் சட்டத்தின் சொற்படி குளிர்ந்துவிடாது. அதைக் கையாளும் அறிவு, அதை வாங்காதவருக்கும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டியது கல்விப்புலத்தில் இருக்கும் நம் பொறுப்பு.

சேகரிப்புப் பெட்டியைத் தம் கல்லூரியில் வைக்க முன்வருவோரும், படத்தாளின் மராத்தி வடிவத்துக்கு உதவக்கூடியோரும் இப்பதிவின் கீழே எழுதுங்கள். என் வாதத்தை ஏற்காதவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். குறிப்பாக, ஒப்புதல் தருவதாகாதா என்ற அந்தக் கேள்வியில் உங்கள் நிலைப்பாட்டை அறிய விரும்புகிறேன்.